நூறா, நூரா?

வெள்ளவத்தை
8 ஜூலை 2025

புஷ்பராஜ் அண்ணனுக்கு,

கிழித்துப் போடுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். இதைக் கொண்டு வருகிற ரிஸ்னா எங்கள் பிளாட்டுக்குக் கீழ் மாடியில் இருக்கிறவர். அபாயா தைக்கிறார். துணி எடுக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் புறக்கோட்டைக்கு வருவார். அங்கிருந்து உங்கள் கொட்டாஞ்சேனைக் கடை அவருக்குப் பெரிய தூரமில்லை. அவரைத் திட்டாதீர்கள். திட்டெல்லாம் எனக்கே வரட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் பொலிஸில் நான் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. கூடப் பிறந்தவள் என்று உரிமை கொண்டாடவும் இல்லை. நீங்கள் லப்டொப் திருத்துகிறவர், என்னிடம் பழுதான லப்டொப் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் புதிது வாங்கியபோது எனக்குத் தந்த பழசு. பன்னிரண்டு வயது. அதில்தான் டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள் டைப் செய்கிறேன். ஒக்டோபருக்குப் பிறகு இதற்கு அப்டேட் வராது, இருக்கிறதை எல்லாம் இப்போதே போட்டுக்கொள் என்று சென்டரில் சொன்னார்கள். நான்கு தரம் போட்டுப் பார்த்தேன். நீலத் திரை வரும். இருபத்தேழு வீதம் வரை ஓடி நிற்கும். அரை மணித்தியாலத்தில் நூரும். பிறகு மறுபடியும் நீலத் திரை. இரண்டு நாளாக உள்ளே போகவே விடுகிறதில்லை.

கேள்வித்தாள் போனால் போகட்டும். அதற்குள் 'ரசம்' என்று பெயர் வைத்த போல்டர் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள படங்கள் ஓகஸ்ட் 21க்கு முன் எனக்கு வேண்டும். என்ன படம் என்று கேட்காதீர்கள்.

என் போன் அவரிடம் இருக்கிறது. லப்டொப்பை வெளியே கொண்டுபோகவும் முடியாது. வீட்டில் வைத்தே செய்யக்கூடியதை எழுதி அனுப்புங்கள்.

துஷ்யந்தி

*

கொட்டாஞ்சேனை
10 ஜூலை

துஷ்யந்தி,

'திட்டாதீர்கள்', 'அனுப்புங்கள்'. ரிமாண்டுக்குப் போய் வந்தவனுக்கு மரியாதை கூடிவிட்டதா? வா, போ என்று என்னை விரட்டின வாய்தானே அது.

உன் புருஷன் சயந்தன் உன் கன்னத்தில் ஐந்து விரலையும் பதித்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அன்றைக்கு ஹெல்மட்டால் அவன் வாயில் போட்டேன். இரண்டு பல் விழுந்தது. இன்னும் நாலு விழுந்திருக்க வேண்டும். நீ பொலிஸில் போய் நின்று, "அவர் என்னைத் தொட்டதே இல்லை, அண்ணன்தான் குடிச்சிட்டு வந்து அடிச்சார்" என்றாய். பதினான்கு நாள் உள்ளே கிடந்தேன். அங்கே ஒருத்தன் என் வலது கை விரல் இரண்டைக் கதவில் வைத்து நசுக்கினான். அந்த வளைந்த விரல்களால்தான் இன்றைக்கும் ஸ்குரூ கழற்றுகிறேன். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் உன் ஞாபகம் வந்து போகும்.

சரி, வேலைக்கு வருவோம். நூறுக்கு வல்லின ற போட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு ர, ற தகராறு. கேள்வித்தாள் வேறு டைப் செய்கிறாயாம், பிள்ளைகள் பாவம். இருபத்தேழில் நின்று பிறகு நூறு ஆகிறது என்றால் அப்டேட் முடிந்துவிட்டது. திரும்ப எழும்பத்தான் அதற்குத் தெரியவில்லை. பழைய மெஷினில் இது நடக்கிறதுதான். அடுத்த முறை நீலத் திரை வந்ததும் சார்ஜரைப் பிடுங்கு. கவிழ்த்து வைத்துப் பெட்டரியைக் கழற்று. பவர் பட்டனை முப்பது செக்கன் அழுத்திப் பிடி. பிறகு எல்லாவற்றையும் போட்டு எழுப்பு. உள்ளே போய்விடும்.

போன் நம்பர் எழுத மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. எழுது.

புஷ்பராஜ்

*

வெள்ளவத்தை
17 ஜூலை

அண்ணே,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நீலத் திரையில் இருபத்தேழு நிற்கும்போதே பெட்டரியைக் கழற்றினேன். திரும்பப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் வேலையால் வந்தார். பெட்டரி என் கையில்.

"என்னத்தை அழிச்சனீ? சொல்லு, என்னத்தை அழிச்சனீ?" என்று கேட்டார். அப்டேட் என்றேன். என் வலது கையை மேசையில் அமத்திப் பிடித்துக்கொண்டு லப்டொப்பின் விளிம்பால் அடித்தார். முதல் அடியில் ஸ்கிரீன் வெடித்தது. இரண்டாவதில் மணிக்கட்டு முறிந்தது. மூன்றாவது அடி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு லப்டொப்பைக் கீழே குப்பை போடுகிற இடத்தில் எறிந்துவிட்டு வந்து, முகம் கழுவி, "தேத்தண்ணி போடு" என்றார். போட்டேன். ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாக எழுதினார்கள். அவர் பக்கத்திலேயே நின்றார்.

அண்ணே, நான் நூறு என்று எழுதவில்லை. நூர் என்றுதான் எழுதினேன். இவருடைய ஆட்கள் லைட்டை, அடுப்பை நூர்க்கிறது என்றுதான் சொல்வார்கள். நாம் அணைக்கிறது என்கிறோமே, அது. இருபத்தேழில் நின்று தானாகவே அணைந்து போகிறது என்று எழுதினேன். உங்களுக்கு எழுதும்போதும் இந்த வீட்டுச் சொல்தான் வந்திருக்கிறது. கல்யாணம் முடிந்த புதிதில் அவருடைய ஆட்கள் வந்திருந்தபோது, "ஃபேனை அணைச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அறைந்தார். "இது வெள்ளவத்தை. உன்ர தேயிலைத் தோட்டத்துக் கதையை அங்கயே விட்டிட்டு வா" என்றார். அதுதான் முதல் அடி. அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை.

'ரசம்' போல்டரில் இருக்கிறது என் முதுகு, என் கழுத்து, என் தொடை. ரிஸ்னா தன் போனில் எடுத்துத் தந்த படங்கள். அந்த போன் பஸ்ஸில் களவு போய்விட்டது, வேறு பிரதி இல்லை. பெயரைப் பார்த்தால் சமையல் குறிப்பு என்று நினைத்து அவர் திறக்க மாட்டார் என்று நம்பினேன். ரிஸ்னா எனக்குச் சட்ட உதவி வக்கீல் மிஸ் ஒருவரைப் பிடித்துத் தந்திருக்கிறார். ஓகஸ்ட் 21 கோர்ட்டில் பாதுகாப்புக் கட்டளை கேட்கப் போகிறோம். அவர் என்னைத் தொட்டதே இல்லை என்று பொலிஸில் எழுதிக் கொடுத்தவளே நான்தான். படம் இல்லாமல் என் பேச்சை யார் எடுப்பார்கள்?

லப்டொப்பைக் குப்பைக்குள்ளிருந்து ரிஸ்னா எடுத்து வைத்திருந்தார். "புள்ள அழாத, நான் ஈக்கன் தானே" என்று, தான் இருப்பதாகத் தைரியம் சொல்லித் தன் துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார். பாருங்கள்.

துஷ்யந்தி

*

கொட்டாஞ்சேனை
18 ஜூலை

தங்கச்சி,

மூன்று தரம் வாசித்தேன். ஒரு எழுத்தை உனக்குத் திருத்தப் போய் உன் கையை முறித்துவிட்டேன். பெரிய வாத்தியார் மாதிரி வல்லின ற என்று எழுதினேனே, என் வாயில் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடை மூலையில் இரும்புக் குழாய் ஒன்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதோடு வருகிறேன். இந்த முறை பல்லோடு நிற்காது. அவன் வலது மணிக்கட்டை முறிப்பேன், பிறகு இடது. உன்னை அறைந்த குசினியிலேயே வைத்து முறிப்பேன். பிறகு அவனையும் தேத்தண்ணி போடச் சொல்வேன். பதினான்கு நாள் என்ன, பதினான்கு வருடம் உள்ளே போட்டாலும் சரி, நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன்.

லப்டொப்பைத் திறந்தேன். ஸ்கிரீன் போய்விட்டது, வேறு மொனிட்டர் கொழுவியிருக்கிறேன். ஹாட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. அந்த வெள்ளை வரியைத் தாண்டி எழுப்ப நாள் எடுக்கும்.

ஒன்று கேட்கிறேன், இப்போதாவது சொல். அன்றைக்குப் பொலிஸில் ஏன் அப்படிச் சொன்னாய்?

அண்ணன்

*

வெள்ளவத்தை
19 ஜூலை

அண்ணே,

வராதே. இது கெஞ்சல் இல்லை, சொல்கிறேன். வராதே.

அன்றைக்கு அவர் என்னை பாத்ரூமுக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று சொன்னார்: "கத்தியோட வெட்ட வந்தவன் எண்டு நான் சொன்னா உன்ர அண்ணனுக்குப் பத்து வருசம். குடிச்சிட்டு அடிச்சவன் எண்டு நீ சொன்னா ரெண்டு கிழமை. எது வேணும் எண்டு நீயே எடு." நான் இரண்டு கிழமையை, அந்தப் பதினான்கு நாளை எடுத்தேன். நீ வெளியே வந்ததும் வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்னை வெளியே விடவில்லை. உன் விரல் நசுங்கியது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். வாசித்துவிட்டுச் சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் எனக்கு உன் மேலும் கோபம் இருக்கிறது, அண்ணே. அதையும் கேள். நீ ஹெல்மட்டால் அடித்துவிட்டு வீரன் மாதிரி நின்றாய். நீ விழுத்திய இரண்டு பல்லுக்கும் அவர் பதில் தந்தது என் உடம்பில்தான். ஆறு மாதம் தந்தார். கண்ணாடியில் பல்லைப் பார்க்கிற நேரமெல்லாம் தந்தார். உனக்கும் கோபம் வந்தால் கை, அவருக்கும் கோபம் வந்தால் கை. நடுவில் இருக்கிறது நான்.

இப்போது நீ குழாயோடு வந்தால் அவர் கோர்ட்டில் என்ன சொல்வார்? இந்தக் குடும்பமே ரவுடிக் குடும்பம் என்பார். என் வழக்கு அன்றோடு முடிந்தது. பிறகு இந்த வீட்டை விட்டு நான் போவதென்றால் பெட்டியில்தான் போக வேண்டும்.

அவர் என்ன செய்தாலும் கையைத் தூக்க மாட்டேன் என்று எழுதி அனுப்பு. வாயால் இல்லை, எழுத்தில் வேண்டும்.

துஷி

*

கொட்டாஞ்சேனை
9 ஓகஸ்ட்

துஷி,

அவன் என்ன செய்தாலும் கையைத் தூக்க மாட்டேன். எழுத்தில் தந்துவிட்டேன். இவ்வளவு கஷ்டப்பட்டு நான் ஒரு வரி எழுதியதில்லை.

கெட்ட செய்தி முதலில். 'ரசம்' காலி. மே மாதமே ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து அழித்திருக்கிறான்.

இனி மற்றதைக் கேள். அப்டேட் ஏன் இருபத்தேழில் நின்றது தெரியுமா? இடம் இல்லை. ஐந்நூறு ஜீபி டிஸ்கில் ஒரு ஜீபி கூட மிச்சம் இல்லை. பாதியில் மூச்சு முட்டி அணைந்திருக்கிறது. கேள்வித்தாள் டைப் செய்கிறவளிடம் இவ்வளவு சாமான் ஏது என்று தோண்டினேன். ஒளித்து வைத்த போல்டர் ஒன்று கிடந்தது. மெஷின் எழும்பும்போதே சேர்ந்து எழும்புகிற புரோகிராம் ஒன்று. ஸ்கிரீனுக்கு மேலே இருக்கிற கமராவையும் மைக்கையும் அது திறந்துவிடும். ஏதாவது அசைந்தால் வீடியோ பிடிக்கும். உன்னைக் காவல் காக்கத்தான் அதைப் போட்டிருக்கிறான். நீ யாரோடு கதைக்கிறாய், எதை எங்கே வைக்கிறாய் என்று பார்க்க. ரசத்தையும் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

ஆனால் கமராவுக்கு யார் புருஷன், யார் பெண்சாதி என்று தெரியாது. சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்த லப்டொப், அவன் அடித்ததையும் பிடித்து வைத்திருக்கிறது. எட்டு மாதம். பத்தாயிரத்துக்கு மேல் வீடியோத் துண்டு. உன் படங்களை அழித்தவன் இவற்றை ஏன் அழிக்கவில்லை என்று யோசித்தேன். நீ எடுத்த படம்தான் அவனுக்குக் குற்றம். தான் அடித்தது அவன் கண்ணுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

மூன்று பார்த்தேன். பெல்ட்டை அவன் மடித்துப் பிடிக்கிறதும் நீ சத்தம் வராமல் இருக்கத் துவாயைக் கடித்துக்கொள்கிறதும். நாலாவது பார்க்க முடியவில்லை. வெளியே போய் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து ஃபிரேம் கடை ஒஸ்வால்ட் அய்யா தண்ணீர் தந்தார். இரும்புக் குழாயை அவரிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் தராதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிஸ்க் சாகிற நிலைமை. இப்போது ஒருமுறை அணைந்தால் மறுபடி எழும்பாது. பெட்டரியும் செத்துப்போனதால் சார்ஜர் வயரில்தான் உயிர் ஓடுகிறது. எல்லாவற்றையும் புது டிஸ்குக்குக் கொப்பி எடுக்கிறேன். பழுதான இடம் வந்தால் மணிக்கணக்காக நிற்கிறது. இன்றைக்கு இருபத்தொன்பது வீதம். இருபத்தேழைத் தாண்டிவிட்டது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். அந்தப் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கோர்ட்டில் காட்ட வேண்டி வருமாம். சட்ட உதவி மிஸ், ரிஸ்னாவிடம் சொல்லி அனுப்பினார். அதனால் அதையும் ஓட விட்டிருக்கிறேன், எழுதுகிறது புது டிஸ்கில் எழுதட்டும் என்று.

இதை வாசித்ததும் எரித்துவிடு.

அண்ணன்

*

வெள்ளவத்தை
14 ஓகஸ்ட், காலை

அண்ணே,

நான் எரிக்கவில்லை. கையைத் தூக்க மாட்டேன் என்று நீ எழுதிய வரி அதில் இருந்தது, எரிக்க மனம் வரவில்லை. அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்துவிட்டார்.

நின்றபடியே முழுவதையும் வாசித்தார். பிறகு சப்பாத்துப் போட்டுக்கொண்டு என்னை உதைத்தார். எத்தனை என்று தெரியாது, மூச்சு எடுக்க வலிக்கிறது. "டிஸ்க் அவனிட்டையோ? மத்தியானம் வேலையால நேரே கொட்டாஞ்சேனைக்குத்தான் போறன். அதையும் உடைச்சு அவனையும் உடைக்கிறன்" என்றார். வெளியால் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதைத் துணிக்கொடிக் கயிற்றில் கட்டி ரிஸ்னாவின் பலகணிக்கு இறக்குகிறேன். அவள் த்ரீவீலில் வருவாள். இங்கே கதவை உடைக்கவும் ஆள் கூப்பிடுகிறாள். உன் போன் நம்பரைத் தந்திருந்தால் என்ன, வீம்பு பிடித்தவனே.

நீ எழுதித் தந்ததை மறக்காதே.

துஷி

*

கொட்டாஞ்சேனை
16 ஓகஸ்ட்

துஷி,

இப்போது நானும் இடது கை. ஒரு வயிற்றில் பிறந்ததற்கு அடையாளம் வேண்டாமா?

ரிஸ்னா வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவன் வந்துவிட்டான். கொப்பி தொண்ணூற்றொன்றில் இருந்தது. "எங்கையடா அது?" என்றான். மேசையைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், பிடுங்கக் கையை நீட்டினான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. லப்டொப்பின் மேல் குப்புறப் படுத்து, பிளக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கடையில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். முதுகில் இரண்டு, தோளில் ஒன்று. தோள் எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. பிளக்கைப் பிடித்திருந்த கையில் மிச்சம். முன்பு நசுங்கிய அதே விரல்கள்தான். ஏழு வரைக்கும் எண்ணினேன்.

சுத்தியல் என் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது, துஷி. அதன் பிடியில் என் விரல் பட்டது. அவன் மண்டை எனக்கு நேரே இருந்தது. ஒரே ஒரு போடு போதும். எழுதித் தந்த வரி ஞாபகம் வந்தது, கையை எடுத்துவிட்டேன். வாங்கின ஏழு அடியைவிட அதுதான் வலித்தது.

ஒஸ்வால்ட் அய்யாவும் ரோட்டில் நின்றவர்களும் சேர்ந்து அவனை மடக்கினார்கள். பொலிஸ்காரர் வந்து என்னைப் பார்த்து, "மல்லி, ஓயா கெஹுவே நெத்த?" என்று கேட்டார். நீ அடிக்கவில்லையா என்று அவருக்கே ஆச்சரியம். இல்லை என்றேன். என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் நான் கத்தியது ஒன்றுதான்: "ஒஸ்வால்ட் அய்யா, வயரைத் தொடாதீங்க!" மனிதர் தன் கடையை மூடிவிட்டு மாலை வரை வயருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரும்புக் குழாய் அவர் மடியில்.

நம்ம சொல்லில் இருக்கிற குழப்பத்தைப் பார். லப்டொப் அணையக்கூடாது என்று லப்டொப்பை அணைத்துக்கொண்டு கிடந்தேன். இப்படி எழுதினால் கோர்ட்டில் யாருக்கு விளங்கும்? அதனால் வாக்குமூலத்தில் உன் வீட்டுச் சொல்லைப் போட்டேன். நூரவிடவில்லை என்று. அந்தச் சொல் என்ன பாவம் செய்தது, அடித்தவன்தானே கெட்டவன்.

மாலையில் நூறு வந்தது. வல்லின ற. நூறு வரைக்கும் நூரவில்லை.

அவனுடைய புரோகிராம் அவனையும் பிடித்திருக்கிறது. படம் முழுக்க என் சட்டைதான், சத்தம் மட்டும் தெளிவு. புது டிஸ்க் மிஸ்ஸிடம் போய்விட்டது. பழைய லப்டொப் இன்னும் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தேவை இல்லைதான். ஆனால் கோர்ட் முடியும்வரை அதை நூர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன்

*

வெள்ளவத்தை, ரிஸ்னா வீடு
21 ஓகஸ்ட்

அண்ணே,

கட்டளை கிடைத்துவிட்டது.

நீதவான் அம்மா இரண்டு துண்டு பார்த்தார். மூன்றாவது தொடங்கும்போதே நிறுத்தச் சொன்னார். சயந்தனுடைய வக்கீல் எழும்பி, இந்தப் பெண்ணே முன்பு பொலிஸில் இப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று என் பழைய வாக்குமூலத்தை வாசித்தார். "ஓம், பொய் சொன்னேன். என் அண்ணனைக் காப்பாற்றச் சொன்னேன்" என்றேன். பிறகு உன் கடைச் சத்தத்தைப் போட்டார்கள். நான் காதைப் பொத்தவில்லை. ஏழையும் கேட்டேன். அந்த ஏழு அடிக்குள் அவனுடைய சத்தம் மட்டும்தான் இருந்தது, உன்னுடையது ஒன்றுகூட இல்லை. உன்னை அடித்த வழக்கில் அவன் உள்ளே இருக்கிறான். அன்றைக்குக் கதவை உடைத்து என்னை வெளியே எடுத்த மாடி வீட்டுக்கு இரண்டு பொலிஸ்காரிகளோடு போய் என் உடுப்பை எடுத்து வந்தேன்.

கோர்ட்டுக்குப் போக முன், "ஃபேனை அணைச்சிட்டு வாரேன்" என்று ரிஸ்னாவிடம் சொன்னேன். என்னை அறியாமலே வந்துவிட்டது. சொல்லிவிட்டு, யாரோ அறைவார்கள் என்கிற மாதிரி அப்படியே நின்றேன். "சரி, கெதியா வாங்க, பஸ் போயிரும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன். திரும்பிப் போவதற்காக இல்லை. அதுவரை அந்த லப்டொப்பை நீ தொடாதே. நான் வந்து நானே அணைக்கிறேன்.

துஷி